சிவப்பு வண்டியா, வெள்ளை வண்டியா: ஒரு டீச்சருக்கு வண்டி காட்டிய கதை

மலையில் முக்காமல் முனகாமல் ஏறுகிற வண்டிதான் நல்ல வண்டி என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். மனசுக்குள் வைத்துக்கொண்டு நம்பியிருந்தாலும் பரவாயில்லை. அடிவாரத்தில் எங்கள் பழைய கார் யார்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் மைக் பிடிக்காத குறையாகச் சொல்லியிருக்கிறேன். ஏறுவதுதான் வண்டிக்குப் பரீட்சை. இறங்குவது வீட்டுக்குத் திரும்புகிற வேலை, அதை எந்தத் தகரடப்பாவும் செய்துவிடும். இதுதான் என் சித்தாந்தம்.

யார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் என்னைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கழுத்தெலும்பு தேய்ந்து, ஸ்டியரிங் திரும்பினாலும் கழுத்து திரும்பாது என்ற நிலைமை வந்து, ஐம்பத்து மூன்று வயதிலேயே தொழிலை விட்டவன் நான். இன்றைக்கு நீங்கள் போனில் வண்டி எண்ணைத் தட்டினால் அதன் ஜாதகமே வந்து விழுகிறது. எங்களுக்கு ஏற்காட்டு மலைதான் போன். யார்டு வாசலை விட்டு வெளியே வந்தால் சற்று நேரத்தில் முதல் கொண்டை ஊசி வளைவு. வாங்க வந்தவரை முன்சீட்டில் உட்கார வைத்து, அவர் குடும்பத்தைப் பின்சீட்டில் ஏற்றி, நானே மேலே ஓட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். பாதி மலையில் ஒரு டீக்கடை. அங்கே டீ குடித்துவிட்டு இறங்குவதற்குள் வியாபாரம் படிந்துவிடும்.

எங்கள் முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் ரகசியம் ஒன்றே ஒன்று. ஆம்பளையிடம் பிக்கப்பைப் பற்றிப் பேசு, பொம்பளையிடம் கலரைப் பற்றிக் கேள். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். குடும்பமாக வந்தவர்களிடம் "அம்மாவுக்குச் செவப்புப் புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பானெட்டைத் திறந்து அய்யாவை உள்ளே எட்டிப் பார்க்க வைத்துவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் வந்தவர் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர். கூட அவர் மனைவி, மேலே கிறிஸ்தவ சபை நடத்துகிற ஒரு பள்ளியில் டீச்சர். ரைட்டர் கலகலப்பானவர், மனைவியை வீட்டிலும் டீச்சர் என்றே கூப்பிடுவார் போலிருந்தது. டீச்சர் கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். வண்டிக்குச் சக்கரத்தடியில் வைக்கத்தான் கொண்டு வந்திருக்கிறார், இன்றைக்கே வாங்கிவிடுவார்கள் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

எலுமிச்சம்பழம் மோந்து பார்க்கத்தான் என்பதை ரைட்டர்தான் சொன்னார். டீச்சருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. பஸ் நாலு வளைவு திரும்பினால் வாந்தி. மலையிலேயே வேலை பார்த்ததால் இத்தனை நாள் சமாளித்தாகிவிட்டது. இப்போது சேலத்தில் அதே சபையின் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமை ஆசிரியை வேலை வந்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். இதற்கு முன்னால் ஒரு தடவை இந்த வாந்திக்குப் பயந்தே டீச்சர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றால் அப்புறம் அந்த நாற்காலியை நினைத்தும் பார்க்க முடியாது. எஸ்டேட் குவார்ட்டர்ஸை விட்டுக் குடும்பத்தோடு கீழே குடிவர ரைட்டரின் வேலை விடாது. சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் நிதானமாகப் போகலாம், வாந்தி வராது என்பது அவர்கள் கணக்கு. ரைட்டர் எல்.எல்.ஆர். போட்டிருந்தார். லைசென்ஸ் வரும்வரை தெரிந்த டிரைவர் ஒருவரை வைத்து ஓட்டிக்கொள்வார்களாம்.

யார்டில் அவர்களுக்குத் தோதாக இரண்டு வண்டிகள் நின்றன. கம்பெனிப் பெயரெல்லாம் வேண்டாம், இரண்டு கம்பெனிக்காரர்களும் நன்றாக இருக்கட்டும். ஒன்று சிவப்பு, பெட்ரோல். இன்னொன்று வெள்ளை, டீசல்.

சிவப்பு வண்டியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை குறுகுறுக்கும். குட்டையான, இறுக்கமான வண்டி. குளிர்காலத்துக் காலையில் சோக்கை இழுத்துவிட்டு சாவி போட்டால் இரண்டு தும்மல் தும்மிவிட்டு, பிறகு தையல் மெஷின் மாதிரி ஓடும். ஸ்டியரிங்கை விரல் நுனியால் அசைத்தால் மூக்கு திரும்பிவிடும். வளைவில் சாயவே சாயாது, தரையில் பசை போட்டு ஒட்டினாற்போல் போகும். ஒரே ஒரு குணம், என்ஜினை எப்போதும் அலற விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் கொஞ்சம் தொய்ந்தால் மூச்சு விட்டுவிடும். கொண்டை ஊசியில் ஃபர்ஸ்ட் கியர் கேட்கும். அதெல்லாம் எனக்குக் குறையாகவே தெரிந்ததில்லை.

வெள்ளை வேறு ஜாதகம். சாவியைத் திருப்பி, டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு அணைகிறவரை காத்திருந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்த வண்டியில் உட்கார்ந்தால் ரெக்சின் சீட்டின் வாசனையோடு டீசல் வாசனையும் கொஞ்சம் வரும். உயரமான சீட். ஸ்டியரிங் மாவாட்டுகிற கனம். வளைவில் திரும்பினால் பாடி ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, அப்புறம்தான் நிமிரும். ஆனால் செகண்ட் கியரில் போட்டு விட்டால் போதும், ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் முணுமுணுத்துக்கொண்டே மேலே போய்விடும். இரண்டு மாடலும் இப்போது ரோட்டில் இல்லை. எங்காவது தூரத்தில் அந்த முணுமுணுப்புக் கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் வாசல்வரை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பெரும்பாலும் தண்ணீர் மோட்டாராக இருக்கும்.

முதலில் சிவப்பை எடுத்தேன். ரைட்டர் முன்சீட்டில், டீச்சர் பின்சீட்டில். நிதானமாகத்தான் போக நினைத்தேன், சத்தியமாக. ஆனால் முன்னால் ஒரு பஸ் உருட்டிக்கொண்டு போனது. சிவப்பில் உட்கார்ந்துகொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் போவது அந்த வண்டிக்குச் செய்கிற மரியாதை ஆகாது. இரண்டு வளைவுகளுக்கு நடுவில் தாண்டினேன். ரைட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "என்னமா இழுக்குதுங்க!" என்றார். நான் பூரித்துப்போய் அடுத்த வளைவை இன்னும் அழகாக எடுத்தேன். பின்னாலிருந்து "சித்த நிறுத்துங்க" என்று மெதுவாக ஒரு குரல். நிறுத்தினேன். டீச்சர் இறங்கி, சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

யார்டுக்குத் திரும்பி, அவர் சோடா குடித்துக் கொஞ்சம் தெளிந்த பிறகு வெள்ளையை எடுத்தேன். இந்தத் தடவை ஊர்கோலம் போகிற வேகம்தான். ஆனால் அந்த வண்டிதான் சாயும் என்று சொன்னேனே. தொட்டிலில் போட்டு ஆட்டினாற்போல் ஆட்டி, டீக்கடை போய்ச் சேர்வதற்குள் டீச்சர் இரண்டு தடவை இறங்க வேண்டியதாயிற்று.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நான் என் அறிவியல் முடிவை ரைட்டரிடம் அறிவித்தேன். சிவப்பில் ஒரு வாந்தி, வெள்ளையில் இரண்டு. ஆகவே சிவப்புதான் உசத்தி. இதை நான் சிரிக்காமல் சொன்னேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

டீச்சர் டீயைத் தொடவில்லை. கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தவர் கணவரைப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டுலயும் ஆகலீங்க. சொந்த வண்டின்னா சரியாப் போயிரும்னு நெனச்சேன். இன்னிக்கே வேண்டாம்னு எழுதிக் குடுத்தர்றனுங்க."

அத்தனை நேரம் கலகலவென்று இருந்த ரைட்டர் டீ கிளாஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். வியாபாரம் போச்சே என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். வாந்தி எடுத்த களைப்பு வேறு, அந்த முகத்தில் இருந்தது வேறு. அதற்குமேல் கலரைப் பற்றிக் கேட்க எனக்கே வாய் வரவில்லை.

வெள்ளையிலேயே இறங்கத் தொடங்கினோம். டீச்சர் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கி, தலையை வெளியே வைத்துக்கொண்டு வந்தார். ஏழெட்டு வளைவு மிச்சமிருக்கும்போது எனக்கு அந்த வாசனை வந்தது. பிரேக் லைனர் தீய்கிற வாசனை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அதைவிட மோசமான வாசனை கிடையாது.

இனி நடந்ததை நான் பெருமையாகச் சொல்ல வழியே இல்லை. பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவதாகத் தோன்றியது. உண்மையில் போகவில்லை, எனக்குத்தான் தோன்றியது. "பிரேக் போச்சு!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே மிதித்ததில் வண்டி ஒழுங்காக நின்றுவிட்டது. பிரேக் போன வண்டி எப்படி நிற்கும் என்று யோசிக்கிற பாகம் அப்போது என் தலையில் வேலை செய்யவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், கதவைத் திறந்தேன், குதித்தேன். நான் குதித்ததைப் பார்த்து ரைட்டர் அந்தப் பக்கம் குதித்தார். இரண்டு பேரும் ஓடிப்போய் ஆளுக்கொரு கல்லைத் தூக்கி வந்து முன்சக்கரங்களுக்கு அடை கொடுத்தோம். கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் டீச்சர் இன்னும் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

அவர் தலை இன்னும் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது.

"அண்ணா," என்றார் டீச்சர், "அந்த நாத்தம் நம்ம வண்டிது இல்லீங்க. முன்னாடி ஒரு லாரி போச்சுல்லீங்க, அதுல இருந்து வருது. ரெண்டு வளவுக்கு முந்தியே எனக்கு வந்துருச்சு."

நடந்துபோய் வளைவைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். மரக்கட்டை ஏற்றிய லாரி ஓரமாக நின்றிருந்தது. பின்சக்கரத்திலிருந்து புகை. லாரி டிரைவர் குடத்துத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். என் அலறல் அவர்வரை கேட்டிருக்கிறது. விவரத்தைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, என்ற வண்டி பிரேக்குக்கு நீங்க எதுக்குங்க குதிச்சீங்க?" என்றார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, மலையில் பயம் வரும். வராதவன் மலையில் ஓட்டவே கூடாது. வரும்போது ஒரு மூச்சு விட்டுவிட்டு, காலடியில் என்ன இருக்கிறது, மூக்குக்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். நான் மூன்றையும் பார்க்கவில்லை. கதவை மட்டும்தான் பார்த்தேன்.

கல்லை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன். இப்போது என் இடது கால் க்ளட்ச்சின்மேல் தனியாகக் கரகாட்டம் ஆடியது. இரண்டு தடவை ஆஃப் ஆகிவிட்டது. மூன்றாவது தடவை சாவியைத் திருப்பாமலே கையை எடுத்துவிட்டேன். ரைட்டரைப் பார்த்தேன். "நான் இன்னும் எட்டே போட்டுப் பழகலீங்க" என்றார். வளைவோரத்தில் மூன்று பேரும் வண்டியும் அப்படியே இருந்தோம்.

"என்றகிட்ட லைசென்சு இருக்குதுங்க" என்றார் டீச்சர்.

ரைட்டர் திரும்பிப் பார்த்த பார்வையில், அந்த விஷயம் அவருக்குத் தெரியும், ஆனால் கல்யாணமான நாளிலிருந்து ஞாபகம் வந்ததில்லை என்பது தெரிந்தது. பி.எட். படித்த காலத்தில் அம்மா ஊரில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் எடுத்தாராம். புதுப்பிப்பதெல்லாம் தவறாமல் புதுப்பித்திருக்கிறார். எதற்கு? பரீட்சை டியூட்டிக்கு, பேங்குக்கு, அடையாள அட்டையாகக் காட்டுவதற்கு. கைப்பையைத் திறந்து எடுத்துக் காட்டினார். ஓட்டுகிறவர்களிடமே நான் அத்தனை சுத்தமான லைசென்ஸைப் பார்த்ததில்லை.

"மலைல ஓட்டியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. ஆனா எந்த வளவு எப்படித் திரும்பும்னு என்ற வயித்துக்குத் தெரியுமுங்க."

அவர் டிரைவர் சீட்டுக்கு வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கின்மேல் கையை வைத்துக்கொண்டேன். ரைட்டர் பின்னால். செகண்ட் கியரில் போடுங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், மிதித்து மிதித்து விடுங்கள் என்று மட்டும் சொன்னேன். முதல் வளைவில் ஸ்டியரிங் கனத்தோடு அவர் மல்லுக்கட்டினார். இரண்டாவதில் வண்டியின் சாய்வுக்கு முன்னாலேயே தோளைக் கொடுத்தார். மூன்றாவதற்குக் கொஞ்சம் மேலேயே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன், கீழேயிருந்து பஸ் வந்து வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பியது. நானாக இருந்தால் வளைவுக்குள் போய் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருப்பேன். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. பஸ் டிரைவர் டீச்சருக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அத்தனை வருடம் பஸ் ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு வந்தவருக்கு, எந்த இடத்தில் பஸ் எவ்வளவு அகலமாகத் திரும்பும் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

அதற்கடுத்த வளைவில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதற்கும் அடுத்ததில் நெற்றி வேர்த்தது. அந்த மலையில் எத்தனையோ வருடம் ஏறி இறங்கியவன், ஒரு நாளும் ஸ்டியரிங் இல்லாத சீட்டில் உட்கார்ந்து வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடிவாரம் வந்து வண்டி நின்றதும் இறங்கி யார்டு சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன். முதலாளி வாசலில் நின்று பார்த்தார்.

பின்னால் ரைட்டர், "டீச்சரே, உனக்கு ஒண்ணுமாகலயா?" என்று கேட்டது காதில் விழுந்தது. டீச்சர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தார். தனக்கே அப்போதுதான் தெரிகிறது என்பதுபோல வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இல்லீங்க" என்றார். "நிறுத்தணும்னே தோணலீங்க."

ஓட்டுகிறவர்களுக்கு அவ்வளவாக வாந்தி வராது என்பதை எங்கள் தொழிலில் எல்லாரும் அறிவார்கள். நானும் அறிவேன். அன்று காலையிலிருந்து அதே வண்டியில் உட்கார்ந்துகொண்டு, வாந்தியை எண்ணிக் கணக்குப் போட்ட நான், ஓட்டுகிற சீட்டில் அவரை உட்காரச் சொல்ல வேண்டும் என்று ஒரு முறைகூட நினைக்கவில்லை. அவரிடம் கேட்க எனக்கு ஒரே கேள்விதான் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது, கலர்.

அப்போதும் நான் சிவப்பை விடவில்லை. வெள்ளை ஸ்டியரிங் கனம், சிவப்புதான் பூ மாதிரி, அதையும் ஓட்டிப் பாருங்கள் என்றேன். மறுநாள் ஞாயிறு, கோயிலில் பூசை முடிந்து வந்தார்கள். டீச்சர் சிவப்பை மேலே ஓட்டினார். நேர் ரோட்டில் நன்றாகவே ஓட்டினார். நாலாவது வளைவில் செகண்டிலேயே திருப்பப் பார்த்தார். சிவப்பு மூச்சை விட்டுவிட்டது. பின்னால் ஒரு வேன், விடாமல் ஹாரன். வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுப்பதற்கு முன்னால் அவரே இழுத்திருந்தார். ஃபர்ஸ்ட் போட்டு, என்ஜினை அலற விட்டு, ஏறிவிட்டார். பயப்படவில்லை. அவர் பங்குப் பயத்தையும் சேர்த்து நான் பக்கத்தில் பயந்துகொண்டிருந்தேன். பிறகு அதே வளைவில் வெள்ளையை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். வெள்ளை செகண்டிலேயே முணுமுணுத்துக்கொண்டு திரும்பி ஏறிப் போயிற்று.

யார்டில் இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எது என்று ரைட்டர் கேட்டார். டீச்சர் சொன்ன பதிலை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்:

"செவப்பு நொம்ப நல்ல வண்டிதானுங்க. ஆனா அது என்னை அவசரப்படுத்துது. வெள்ளை, நான் சொல்றவரைக்கும் காத்துக்கிட்டிருக்குது."

பிக்கப், வளைவில் பிடிப்பு, ஸ்டியரிங் லேசு என்று நான் ஒப்பிட்டதெல்லாம் தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த ஒப்பீட்டில் சிவப்பு இன்றைக்கும் ஜெயிக்கும். ஆனால் அது நான் ஓட்டினால் ஜெயிக்கிற ஒப்பீடு. வாங்கப்போகிறவர் நான் இல்லையே. வண்டி வாங்க வருகிறவர்களில் யார் அதைத் தினமும் ஓட்டப்போகிறார் என்று முதலில் விசாரியுங்கள். பின்சீட்டில் போய் உட்காருகிறவரிடம் ஓட்டத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சிரிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். பிறகு சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் போய் உட்காருங்கள். வண்டியைப் பற்றி அங்கே தெரிகிற விஷயங்கள் டிரைவர் சீட்டில் தெரியாது.

முதலாளி ஒரு வாரத்துக்கு என்னை டீச்சர் கூடவே போய்வரச் சொன்னார். பழக்கிவிடத்தான் என்று அவர்களிடம் சொன்னார். என்னைப் பழக்கத்தான் என்று என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் டீச்சர், என்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, மலையிலிருந்து வெள்ளை வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு இறங்கி, முதல் மணி அடிப்பதற்கு முன்னாலேயே சேலம் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாகச் சேர்ந்தார். வழியில் ஒரே ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தினார். அது எனக்காக, நான் இறங்கி வாந்தி எடுக்க.